மடமும் நூதனசாலையும்: பிறேஷியா சாந்தா ஜூலியா பற்றிய ஒரு நோக்கு

மியூசியம் என்னும் பிறமொழிச் சொல்லுக்கு ஈழத்துத் தமிழிலே நூதனசாலை என்னும் பெயர் வழங்கிவருகின்றது. பழமையைப் பேணும் இடத்தைப் புதுமையின் பெயரால் அழைப்பது பொருந்தாது என்று குறைகூறுவோர் உளர். ஆயினும் அச்சொல்லிலே ஓர் உண்மை பொதிந்திருக்கின்றது. வழிபாட்டுக்கெனவோ அன்றாடப் புழக்கத்துக்கெனவோ செய்யப்பட்ட பொருளொன்று தன் பயன்பாட்டினின்றும் பிரிக்கப்பட்டுப் பார்வைக்கென வைக்கப்படும்போது அது முன்னர் இருந்திராத வேறொரு பொருளாகிவிடுகின்றது. அடுக்களையிலிருந்த பானை பானையே. கண்ணாடிப் பேழையினுள் ஏறிய பின்னர் அது ஒரு நூற்றாண்டின் சான்றாகின்றது. பழையது நூதனமாவது இவ்வாறுதான். தனிப்பொருளுக்கே இது பொருந்துமாயின், தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வாழ்ந்து மடிந்த கன்னியர் மடமொன்று முழுமையாகவே நூதனசாலையாக மாறும்போது நிகழ்வது யாது என்பது ஆராயத்தக்கதொரு வினாவாகும்.

ஐரோப்பாவிலே மடங்கள் நூதனசாலைகளானமை தற்செயலன்று. 1789ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே பிரெஞ்சுத் தேசிய மன்றம் திருச்சபையின் சொத்துக்களை நாட்டின் உடைமையாக்கியது. அவ்வாறு பறிக்கப்பட்ட சிலைகளையும் கல்லறைகளையும் குவித்துவைப்பதற்குப் பரிஸ் நகரிலிருந்த அகுஸ்தீனியர் மடமொன்று களஞ்சியமாகப் பயன்பட்டது. அதன் பொறுப்பாளராயிருந்த அலெக்சாந்தர் லெனுவார் 1795இல் அக்களஞ்சியத்தையே பிரெஞ்சு நினைவுச்சின்னங்களின் நூதனசாலையாகத் திறந்துவைத்தார். அதே ஆண்டிலே துலூஸ் நகரத்து அகுஸ்தீனியர் மடமும் நூதனசாலையாயிற்று. இத்தாலியிலே 1866ஆம் ஆண்டுச் சட்டம் துறவற சபைகளைக் கலைத்தது. மூன்றாண்டுகளின் பின்னர் புளோரன்ஸ் நகரத்துச் சான் மார்க்கோ மடம் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. ஒருபுறம் உடையவரை இழந்த பொருள்கள். மறுபுறம் குடியிருப்போரை இழந்த கட்டடங்கள். இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்ததே மடத்து நூதனசாலை. எனவே அது பிறக்கும்போதே ஒரு பறிமுதலின் குழந்தையாகப் பிறக்கின்றது. அப்பிறப்பை அது மறக்கின்றதா, சொல்லிக்கொள்கின்றதா என்பதே அதனை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல்களுள் தலையாயது எனலாம்.

வட இத்தாலியின் லொம்பாடிப் பிரதேசத்திலுள்ள பிறேஷியா நகரத்துச் சாந்தா ஜூலியா நூதனசாலை இவ்வகையிலே நோக்குவதற்கு மிக வாய்ப்பான இடமாகும். உரோமர் காலத்து வீடுகள், லொம்பாட் ஆட்சிக்காலத்துத் தேவாலயம், 12ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம், மறுமலர்ச்சிக்காலச் செபமண்டபம் ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றையொட்டி ஒன்றாகவும் ஏறத்தாழ 14,000 சதுர மீற்றர் பரப்பிலே அங்கு அமைந்துள்ளன. தொல்பொருளும் கலைப்பொருளும் அங்கே இரு துறைகளாகப் பிரிந்து நிற்பதில்லை. நிலமே அவற்றைப் பிரிக்கவிடவில்லை. 1882ஆம் ஆண்டிலேயே மடத்துத் தேவாலயத்திலே கிறித்தவகால நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டிருந்ததாயினும், மடம் முழுவதையும் தழுவிய நகர நூதனசாலை 1998இலேயே உருப்பெற்றது. 2011ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இத்தாலியிலுள்ள லொம்பாட் சின்னங்கள் ஏழினை ஒரு தொகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்தபோது இம்மடமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. அத்தொகுதிக்குச் சூட்டப்பட்ட தலைப்பிலே ‘அதிகாரத்தின் இடங்கள்’ என்னும் பொருள்படும் தொடர் உண்டு. மரபுரிமை பற்றிய சொல்லாடலிலே இத்துணை நேர்மையான தொடர் அரிதாகவே கிடைக்கும்.

அதிகாரத்தின் இடம் என்பது வெறும் பேச்சன்று. 753ஆம் ஆண்டிலே தெசிதேரியுஸ் என்னும் லொம்பாட் பிரபுவும் அவன் மனைவி அன்சாவும் இம்மடத்தை நிறுவினர். சில ஆண்டுகளிலே அவன் லொம்பாடியரின் அரசனானான். அவர்களின் கடைசி அரசனும் அவனே. அவன் மகள் அன்செல்பெர்கா மடத்தின் முதல் தலைவியானாள். அரச நிலங்கள் மடத்துக்கு வழங்கப்பட்டன. மகள் தலைவியாயிருக்கும் மடத்துக்கு அளிக்கப்படும் நிலம் குடும்பத்தைவிட்டு முற்றாக நீங்கிய நிலமாகாது என்பது விளங்கிக்கொள்வதற்குக் கடினமானதன்று. 774இல் பிராங்கிய அரசன் சார்ள்மேன் பாவியா நகரைக் கைப்பற்றித் தெசிதேரியுஸின் ஆட்சிக்கு முடிவுகட்டினான். அரசு வீழ்ந்தது, மடம் வீழவில்லை. வென்றவரின் குலத்துப் பெண்கள் அதனைத் தம் பொறுப்பிலே கொண்டனர். அரசகுலம் மாறியபோதும் நிலவுடைமையின் அமைப்பு மாறாது நின்றமைக்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் காண்பது அரிது.

மடத்தின் பெயர் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கொர்கோனா என்னும் தீவிலிருந்து புனித யூலியாவின் திருப்பண்டங்கள் தெசிதேரியுஸின் காலத்திலே இங்குக் கொண்டுவரப்பட்டன. காலப்போக்கிலே அவளுடைய பெயரே மடத்தின் பெயராயிற்று. யூலியா யார்? மரபுக்கதையின்படி அவள் கார்த்தேஜ் நகரத்தவள்; நகர் வீழ்ந்தபோது அடிமையாக விற்கப்பட்டவள்; கொர்சிக்காத் தீவிலே தன் விசுவாசத்தின் பொருட்டுச் சிலுவையில் அறையப்பட்டவள். ஓர் அரசன் ஓர் அடிமைப் பெண்ணின் எலும்புகளைத் தேடிக் கொணர்ந்து தன் மகளின் காவலிலே வைத்தான். சான் சல்வத்தோரே தேவாலயத்தின் நிலவறையிலே, 12ஆம் நூற்றாண்டுத் தூண்தலைப்பு ஒன்றிலே, அவளது மரணம் செதுக்கப்பட்டுள்ளது. இந்த அடிமைப் பெண்ணைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டிவரும்.

நூதனசாலையின் மிகச் சிறந்த பகுதி மண்ணுக்கடியிலே உள்ளது. கன்னியர் தமக்கு வேண்டிய கீரையும் கிழங்கும் பயிரிட்ட தோட்டத்தினடியிலே உரோமர் காலத்து மாளிகைகள் இரண்டு புதைந்து கிடந்தன. தோட்டம் என்பதற்குரிய இத்தாலியச் சொல்லாகிய ஓர்த்தாலியா என்பதே இன்று அவற்றின் பெயர். அவற்றுள் ஒன்றிலே தியோனிசஸ் தெய்வத்தைக் காட்டும் மொசேக் தளம் உண்டு. மற்றையது நீரூற்றுக்களாற் பெயர்பெற்றது. முதலாம் நூற்றாண்டு முதல் நான்காம் நூற்றாண்டு வரை வாழ்ந்த செல்வரின் வீடுகள் அவை. அறுபதுகளின் இறுதியிலே வெளிப்படத் தொடங்கி, எண்பதுகளிலும் அதன் பின்னரும் அகழப்பட்டு, 2003இல் அவை நூதனசாலையோடு இணைக்கப்பட்டன. தளங்களைப் பெயர்த்தெடுத்துச் சுவரிலே தொங்கவிடும் பழைய வழக்கத்தை இங்குக் கைக்கொள்ளவில்லை. வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின்மேல் ஒரு கூடம் எழுப்பப்பட்டுள்ளது. பார்வையாளர் உயர்த்தப்பட்ட நடைபாதையில் நின்று கீழே நோக்குகின்றனர். தம் காலடியில் மதுத்தெய்வம் துயில்வதை அறியாமலே கன்னியர் நூற்றாண்டுக்கணக்காக அவ்விடத்திலே மண்வெட்டி பிடித்தனர் என்னும் எண்ணம், எந்த விளக்கப் பலகையும் இன்றியே, நிற்பவர் மனத்திலே தோன்றிவிடுகின்றது.

இவ்வீடுகளுக்கும் மடத்துக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி அகழ்வாய்வு கூறுவது கவனத்துக்குரியது. எண்பதுகளிலே ஜியான் பியெத்ரோ புரொஜியோலோவின் தலைமையில் நடைபெற்ற அகழ்வுகள், மாளிகைகள் பாழடைந்த பின்னர் அவற்றின் சுவர்களுக்கிடையே எளியோர் குடிசையமைத்து வாழ்ந்தமையை வெளிப்படுத்தின. மரமும் பொறுக்கியெடுத்த கல்லும் கொண்டு அமைத்த குடில்கள், நிலத்தைத் தோண்டி அமைத்த குழிவீடுகள், அருகிலேயே புதைகுழிகள். மொசேக் தளத்திலே அடுப்பு மூட்டிய இம்மக்களுக்கு வரலாற்றிலே பெயரில்லை. தெசிதேரியுஸ் தன் தேவாலயத்தை வெற்று நிலத்தில் எழுப்பவில்லை. கலைவரலாற்று நூல்கள் உரோமரிலிருந்து லொம்பாட் அரசனுக்கு ஒரே தாவலிலே சென்றுவிடுவதுண்டு; மண் அவ்வாறு தாவுவதில்லை.

அத்தேவாலயமாகிய சான் சல்வத்தோரே மூன்று நீள்கூடங்களையுடையது. தூண்களும் தூண்தலைப்புக்களும் ஒன்றுபோல் ஒன்றில்லை. உரோமர் காலக் கட்டடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவை சில. இறவென்னா நகரத்துப் பாணியைச் சார்ந்தவை வேறு சில. இதனை வறுமையின் விளைவாகக் கொள்வது தவறு. பழைய பேரரசின் உறுப்புக்களைத் தன் கூரையின்கீழ் நிறுத்துவது புதிய அரசனுக்கு ஓர் உரிமைப் பத்திரம் போன்றது. இங்கிருந்த மேடையொன்றைச் சார்ந்ததெனக் கருதப்படும் சலவைக்கல் மயில் லொம்பாட் சிற்பத்தின் மிகச் சிறந்த சாதனைகளுள் ஒன்று. தோகையின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே எண்ணத்தக்க நுட்பத்தோடு செதுக்கப்பட்டுள்ளது. லொம்பாடியரைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதிய பழைய வரலாற்றாசிரியருக்கு அந்த மயில் ஒன்றே போதிய மறுமொழி.

சாந்தா மரியா இன் சொலாரியோ என்னும் 12ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயத்திலே நூதனசாலையின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிகின்றன. சதுரமான கீழறையின் நடுவே வளைவுக் கூரையைத் தாங்கி நிற்பது ஓர் உரோமர் காலப் பலிபீடம். அது சூரிய தெய்வத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கிறித்தவர் அதனை உடைத்தெறியவில்லை, வணங்கவுமில்லை, சுமக்கவைத்தனர். தோற்றவரின் தெய்வம் வென்றவரின் கூரைக்குத் தூணாகிய இக்காட்சி சமய மாற்றம் பற்றிய பல நூல்களைவிட அதிகம் பேசுகின்றது. இதிலே நூதனசாலை செய்தது ஒன்றுமில்லை என்பதே அதன் சிறப்பு. பலிபீடத்தை எடுத்துப் பீடத்திலேற்றி ஒளிபாய்ச்ச முடியாது. எடுத்தால் கூரை விழும். இன்றும் பாரம் சுமந்துகொண்டிருக்கும் பொருள் காட்சிப்பொருளாவதில்லை. இதே கீழறையிலே நான்காம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த தந்தப் பேழையும் வைக்கப்பட்டுள்ளது. விவிலியக் காட்சிகள் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட அப்பேழை தொல்கிறித்தவச் சிற்பக்கலையின் உச்சங்களுள் ஒன்று.

மேலறையிலே நிலைமை வேறு. சுவரின் தடிப்பினுள் அமைந்த குறுகிய படிகளில் ஏறிச் சென்றால் நட்சத்திரங்கள் தீட்டப்பட்ட நீலவானம் போன்ற குவிமாடம். சுவர்களெங்கும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஃபெராமோலா தீட்டிய ஓவியங்கள். நடுவே கண்ணாடியினுள் தெசிதேரியுஸின் சிலுவை. மரத்தாலான சிலுவையை உலோகத் தகடு போர்த்தியுள்ளது. மணிகளும் செதுக்குக் கற்களும் கண்ணாடிக் கற்களுமாக 212 கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அது தெசிதேரியுஸின் கொடை என்பது மரபு. அவன் காலத்துக்குப் பிற்பட்ட 9ஆம் நூற்றாண்டினது என்பது ஆய்வாளர் பலரது கருத்து. இவ்வறையிலே நுழைவோர் தம்மையறியாமல் குரலைத் தாழ்த்துகின்றனர். பொருளை அறிந்துகொள்வதற்கு வேண்டிய சூழல் இங்கு இல்லை. பணிந்து நிற்பதற்கு வேண்டிய சூழலே உண்டு. வழிபாடு நீங்கிய இடத்திலே நூதனசாலை வேறொரு வழிபாட்டை ஏற்படுத்துகின்றது. அதன் தெய்வம் அரும்பொருள் என்பது. கொடையாளியின் பெயர் ஐயத்துக்குரியதென ஆய்வாளர் கூறிய பின்னரும் அரசனின் பெயராலேயே சிலுவை அழைக்கப்படுவதும் அச்சடங்கின் ஓர் அங்கமே.

ஆயினும் இவற்றையெல்லாம் ஆளும் வர்க்கத்தின் ஆடம்பரம் என ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவது விமரிசனமாகாது. சிலுவையின் கீழ்க்கரத்திலே சிறு கண்ணாடி வட்டமொன்று பதிக்கப்பட்டுள்ளது. கருநீலக் கண்ணாடியிலே பொற்றகட்டால் வரையப்பட்ட மூன்று முகங்கள்: ஒரு தாய், ஒரு மகன், ஒரு மகள். மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் இச்சித்திரத்தைப் பேரரசி கல்லா பிளாசிடியாவின் குடும்பமெனப் பிற்காலத்தார் நம்பினர். அது பிழை. யாரோ ஒரு குடும்பம், அவ்வளவே. சிலுவையைச் செய்தவர்கள் இம்முகங்களை யாரென அறிந்து பதித்திருக்க மாட்டார்கள். அரியதொரு மணியாகக் கருதியே பதித்திருப்பார்கள். எனினும் அகன்ற கண்களோடு நேரே நோக்கும் அத்தாயின் முகம் 211 கற்களின் ஒளியையும் மங்கச் செய்துவிடுகின்றது. கலைஞனின் கைத்திறன் அதை வாங்கியவனின் நோக்கத்தைக் கடந்து நிற்பதற்கு இது தக்க சான்று.

பொருளை இடம்பெயர்த்தல் பற்றிய பழைய விவாதமொன்று இவ்விடத்திலே பொருத்தமானது. நெப்போலியனின் படைகள் இத்தாலியின் கலைச்செல்வங்களைப் பரிசுக்குக் கொண்டுசெல்லத் தொடங்கிய 1796ஆம் ஆண்டிலேயே கத்ருமேர் த கன்சி என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனை எதிர்த்துக் கடிதங்கள் வெளியிட்டார். பொருளும் அது பிறந்த இடமும் பிரிக்கப்படலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். லெனுவாரின் நூதனசாலையும் அவரது கண்டனத்துக்குத் தப்பவில்லை. 1816இல் அது மூடப்பட்டது. பிறேஷியாவிலே இவ்விவாதத்துக்குச் செயல்வடிவிலான விடையொன்று அண்மையில் கிடைத்துள்ளது. 1826ஆம் ஆண்டு அந்நகரத்து உரோமர் கோயிலிலே மறைத்துவைக்கப்பட்டிருந்த வெண்கலங்களோடு சிறகுடைய வெற்றித்தேவதையின் சிலை கண்டெடுக்கப்பட்டது. 1998 முதல் இருபது ஆண்டுகள் அது சாந்தா ஜூலியாவின் பெருமைமிகு காட்சிப்பொருளாக விளங்கியது. புளோரன்ஸ் நகரத்திலே செப்பனிடப்பட்ட பின்னர், 2020இல், அச்சிலை மடத்துக்குத் திரும்பவில்லை, கி.பி. 73இல் வெஸ்பாசியன் காலத்தில் எழுந்த அக்கோயிலுக்கே மீண்டது. தன் தலைசிறந்த பொருளை அதன் பிறப்பிடத்துக்கு விட்டுக்கொடுப்பதற்கு ஒரு நூதனசாலைக்கு மனத்துணிவு வேண்டும். அது பாராட்டப்படவேண்டியதே.

அப்பாராட்டோடு செபமண்டபத்தினுள் நுழைவோருக்கு ஏமாற்றமே காத்திருக்கின்றது. சான் சல்வத்தோரேயை ஒட்டி, 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக எழுப்பப்பட்ட இருதள மண்டபம் அது. துறவறத் தனிமையைப் பூண்ட கன்னியர் வெளியார் கண்ணிற் படலாகாது என்பது விதி. ஆதலால் மேற்றளத்திலே இருந்துகொண்டு, சிறிய சாளரங்களினூடாகக் கீழே தேவாலயத்தில் நடைபெறும் பூசையைக் கண்டனர். பலிபீடத்தை அவர்கள் கண்டனர். அவர்களை எவரும் கண்டிலர். சுவர்களிலே ஃபெராமோலாவும் பாவ்லோ தா கைலீனாவும் கிறிஸ்துவின் குழந்தைப் பருவத்தையும் பாடுகளையும் தீட்டினர். பார்ப்பதற்கு உலகம் மறுக்கப்பட்ட பெண்களுக்கு இவ்வோவியங்களே உலகமாயிருந்தன என்று கொள்ளலாம். நாளுக்குப் பல முறை, நள்ளிரவிலும், அவர்கள் கூடிப் பாடிய இடம் அது. ஆயிரத்து நாற்பது ஆண்டுகள் நிலைத்த ஒரு பெண்கள் சமுதாயத்தின் பிற்கால வாழ்வு முழுவதும் குவிந்திருந்த புள்ளி அம்மண்டபமே.

இன்று அம்மண்டபத்தின் நடுநாயகமாக நிற்பது மார்த்தினெங்கோ என்னும் பிரபுக் குடும்பத்தின் கல்லறை. சலவைக்கல்லும் வெண்கலமும் கொண்டு 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமைக்கப்பட்டது. அதன் வெண்கலப் பட்டிகைகள் லொம்பாடியின் மறுமலர்ச்சிச் சிற்பத்திலே முதல்வரிசையில் வைக்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மடத்தைச் சார்ந்ததன்று. சான் கிறிஸ்தோ என்னும் வேறொரு தேவாலயத்திலே ஆண் துறவிகளின் பராமரிப்பில் இருந்தது. துறவற சபைகள் கலைக்கப்பட்ட பின்னரே நூதனசாலைப் பொருளாயிற்று. ஆண்கள் எவரும் நுழையலாகாதென விதிக்கப்பட்டிருந்த மண்டபத்திலே ஓர் ஆண்மரபின் குலப்பெருமை இவ்வாறு நிரந்தரமாகக் குடியேறியுள்ளது. பார்வையாளர் கல்லறையைச் சுற்றி வருகின்றனர். சாளரங்களுக்கு முதுகு காட்டி நிற்கின்றனர். நூதனசாலையும் கல்லறை மண்டபமும் ஐரோப்பிய மொழிகளிலே ஒலியளவில் மட்டும் உறவுடையனவல்ல என ஜேர்மன் சிந்தனையாளர் அடோர்னோ சுட்டியதுண்டு. அவ்வுவமையை இத்துணை சொல்லுக்குச் சொல்லாக நிறைவேற்றியிருக்க வேண்டியதில்லை.

கன்னியர் பற்றி இவ்வாறு கூறும்போது அவர்களை ஒடுக்கப்பட்டோர் என்று மட்டும் சித்திரிப்பதும் ஒருதலைப்பட்சமாகிவிடும். அரசகுலத்தாரும் பிரபு குலத்தாருமான மகளிர் பலர் இங்கு வாழ்ந்தனர். சாளரத்தின் பின்னால் மறைந்திருந்த அவர்கள் வெளியே பரந்த நிலங்களுக்கு எசமானிகளாகவும் இருந்தனர். அந்நிலங்களின் கதையைக் கூறும் ஆவணம் ஒன்றுண்டு. 9ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட சாந்தா ஜூலியாவின் சொத்துப் பதிவேடு அது. தொடக்கப் பகுதி சிதைந்த தோற்சுருளாக அது எஞ்சியுள்ளது. பண்ணை பண்ணையாக அங்குள்ள சிற்றாலயம், வீடுகள், தானியம், திராட்சைத் தோட்டம், கால்நடை, ஆள்கள் எனக் கணக்கு நீள்கின்றது. ஆள்களுள் ஒரு சாரார் தமக்கென நிலமின்றி எசமானின் களஞ்சியத்திலிருந்து படியளக்கப்பட்டுப் பண்ணையிலேயே உழைத்தவர்கள். வேறு சிலர் சிறு நிலத்தைப் பயிரிட்டு விளைவில் ஒரு பங்கையும், கோழியும் முட்டையும், சில இடங்களில் இரும்பும், வாரத்தில் குறித்த நாள் உழைப்பையும் செலுத்தியவர்கள். சுதந்திரராயிருந்தும் தம் காணியைப் பண்ணைக்கு ஒப்புக்கொடுத்துக் கீழ்ப்பட்டோரும் அதிலே குறிக்கப்படுகின்றனர். யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளிலும் வழக்காற்றிலும் ‘அடிமை குடிமை’ என்னும் இணைச்சொல்லைக் கேட்டுப் பழகியோருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. மாடுகளுக்கும் மனிதருக்கும் கணக்கு ஒரே சுருளிலே வருகின்றது. மனிதர் பெரும்பாலும் எண்களாகவே வருகின்றனர்.

இத்தாலியப் பொருளியல் வரலாற்றாசிரியர் ஜீனோ லுத்சாத்தோ 1910ஆம் ஆண்டிலேயே திருச்சபையின் பெருநிலங்களில் உழைத்த அடிமைகளைப் பற்றி நூல் எழுதினார். 1979இல் இப்பதிவேடு வேறு பல பதிவேடுகளோடு திருத்தமாகப் பதிப்பிக்கப்பட்டது. ஆகவே இது புதைந்து கிடக்கும் இரகசியமன்று. ஆயினும் சாந்தா ஜூலியாவிலிருந்து வெளியேறும் பார்வையாளரின் நினைவிலே நிற்பவை சிலுவை, தந்தப் பேழை, மயில், நட்சத்திர வானம். அவற்றை ஆக்குவித்த உபரி எங்கிருந்து வந்தது என்பது நிற்பதில்லை. அடிமையொருத்தியின் பெயரைத் தாங்கிய மடம் அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்தது என்னும் முரண், ஒரு தூண்தலைப்புக்கும் ஒரு தோற்சுருளுக்கும் இடையே, சொல்லப்படாமலே கிடக்கின்றது. தங்கம் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். கணக்கேட்டை எவரேனும் எடுத்துக் காட்டவேண்டும். நூதனசாலையின் வேலை அவ்விரண்டாவதே.

இக்குறை புதியதன்று என்பதற்கு இலக்கியத்திலே ஒரு சான்று உண்டு. அலெசாந்திரோ மன்சோனி 1822இல் வெளியிட்ட ‘அதெல்கி’ என்னும் அவல நாடகத்திலே, சார்ள்மேனாற் கைவிடப்பட்ட தெசிதேரியுஸின் மகள் எர்மெங்கார்தா இம்மடத்திலேதான் உயிர்விடுகின்றாள். அவளது மரணக் காட்சி இத்தாலியப் பள்ளிகளிலே தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டுவந்தது. மடத்தின் மீது இன்றும் படிந்திருக்கும் சோகச் சாயலுக்கு அதுவே பெருங்காரணம். ஆனால் அதே நாடகத்தில் மூன்றாம் அங்கத்தின் இறுதியில் வரும் பாடல் இளவரசியைப் பற்றியதன்று. லொம்பாடியரின் கீழ் நொந்து, பிராங்கியர் வருகையால் விடுதலை கிட்டுமென நம்பி, இறுதியில் இரு எசமானரைச் சுமக்கப்போகும் பெயரற்ற மக்களைப் பற்றியது. நாடகத்தோடு சேர்த்து வெளியிட்ட வரலாற்றுரையிலும் மன்சோனி அதே வினாவை எழுப்பினார்: வெல்லப்பட்ட உள்ளூர் மக்களின் நிலை யாது? அவர்களைப் பற்றி வரலாற்றேடுகள் ஏன் வாளாவிருக்கின்றன? மன்சோனி மாக்சியவாதியல்லர், ஆழ்ந்த கத்தோலிக்கர். மாக்ஸ் அப்போது நான்கு வயதுக் குழந்தை. வரலாற்றின் மௌனத்தை உணர்வதற்குக் குறிப்பிட்டதொரு கோட்பாட்டின் உரிமைச்சீட்டு வேண்டியதில்லை என்பதை நமது விமரிசகர் சிலரும் மனங்கொள்வது நன்று.

மன்சோனி ஏடுகளிலே தேடிக் காணாத மக்களை மண் இன்று காட்டுகின்றது. மொசேக் தளத்தில் அடுப்பெரித்தோரின் குடில்கள், சான் சல்வத்தோரேயின் அத்திவாரம், பதிவேட்டின் எண்கள் ஆகிய மூன்றையும் ஒரே தொடர்ச்சியாக வைத்து விளக்குவதற்கு வேண்டிய சான்றுகள் அனைத்தும் பிறேஷியாவின் ஆய்வாளரிடம் உண்டு. 2023ஆம் ஆண்டு முதல் உரோமர் கோயிலிலிருந்து மடம் வரையிலான பாதை கட்டணமின்றி மக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. நகரத்தவர் அதனூடே நடந்து செல்கின்றனர். நடப்பதற்குரிய உரிமையை அளித்த நூதனசாலை அறிவதற்குரிய உரிமையையும் அவ்வாறே அகலத் திறக்கலாம். பதிவேட்டின் ஒரு பகுதியையாவது இன்றைய இத்தாலிய மொழியிலே பெரிய எழுத்தில் சான் சல்வத்தோரேயின் வாயிலிலே வைத்தால், உள்ளே நிற்கும் தூண்கள் வேறுவிதமாகத் தோன்றும்.

மார்த்தினெங்கோ கல்லறையைப் பொறுத்தவரையில் விடை இன்னும் எளிது. சான் கிறிஸ்தோ தேவாலயம் அழிந்துவிடவில்லை. மடத்தின் மேற்புறத்துக் குன்றுச் சரிவிலே, சில நிமிட நடைத்தொலைவிலே, இன்றும் நிற்கின்றது. வெற்றித்தேவதைக்குப் பொருந்திய நியாயம் பிரபுக்களின் கல்லறைக்கு ஏன் பொருந்தாது என்பதற்குத் தக்க காரணம் தென்படவில்லை. கல்லறையை அகற்றினால் மண்டபம் வெறுமையாகிவிடும், பார்ப்பதற்கு அங்கே என்ன எஞ்சும் என்று வினவுவோர் இருக்கலாம். சுவர்களிலே ஓவியங்கள் இருக்கும். சிறிய சாளரங்கள் இருக்கும். அவற்றினருகே சென்று குனிந்து பார்ப்பவருக்குக் கீழே சான் சல்வத்தோரேயின் தூண்கள் தெரியும்.